கட்டத்துக்குள் ஒரு எட்டு

கம்ப்யூட்டர் இரண்டாவது தடவையும் சிவப்புக் காட்டியது.

மற்ற நாளாக இருந்தால் வாசல் குமாஸ்தா இந்நேரம் எழுந்து போயிருப்பார். கன்டெய்னர் கிடங்கின் நுழைவாயிலில் பதினெட்டு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. லாரி வந்து நின்றதும் பெட்டியின் முதுகில் இருக்கும் எண்ணைப் படித்துத் தட்ட வேண்டும். நாலு எழுத்து, ஆறு இலக்கம், அதையடுத்து ஒரு சின்னக் கட்டத்துக்குள் கடைசி இலக்கம். முன்னால் இருப்பவற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். எங்கேயாவது ஒன்று தப்பினால் கணக்கு உதைக்கும், திரை சிவக்கும்.

பாதி நேரம் அழுக்குதான் காரணம். மூன்று எட்டாகத் தெரியும். மற்ற குமாஸ்தாக்கள் 'பரவாயில்லை' என்ற பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார். கிடங்கு முழுக்க அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும்.

இன்று பூதக்கண்ணாடி ஏணி பக்கமே போகவில்லை. திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 714330, கட்டத்துக்குள் ஒரு எட்டு. உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அது அவருடைய பெட்டி.

விஷயம் இதுதான். அவர் வீட்டு முன்னறையில் நாலு சுவரையும் சுற்றி ஒரு பலகை ஓடுகிறது. பலகைமேல் தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாற்பத்திரண்டு வேகன்கள் இரண்டடுக்காகக் கன்டெய்னர்களைச் சுமந்துகொண்டு ஜன்னல், புத்தக அலமாரி, மனைவியின் தையல் மிஷின் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு கன்டெய்னரும் நடுவிரல் நீளம். பூட்டுக் கம்பி, காற்றுத் துளை, எண், எல்லாம் அசலில் உள்ளபடியே இருக்கும். அந்த எண்ணைப் படிக்கத்தான் அவர் முதன்முதலில் பூதக்கண்ணாடி வாங்கினார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். அத்தனை எண்ணும் மனப்பாடம். மனைவியின் போன் நம்பரை மட்டும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

இப்படிச் சேர்ப்பவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு ஆசை உண்டு. வீட்டில் இருக்கும் சின்னப் பெட்டியின் எண்ணோடு நிஜப் பெட்டி ஒன்று எதிரே வர வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும். அவருடைய பொம்மை ரயில் சங்கத்தில் அப்படிப் படம் வைத்திருப்பவர் ஒரே ஒருவர், ஒரு பல் டாக்டர். லெவல் கிராசிங்கில் எடுத்தாராம். மூன்று வருஷமாகச் சங்கக் கூட்டம் அந்தப் படத்தோடுதான் தொடங்குகிறது. வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகளுக்கும் காட்டுகிறார் என்று கேள்வி. அவர்களால் மறுத்துப் பேச முடியாது.

பூதக்கண்ணாடி வாழ்க்கையில் முதல் தடவையாக 'பரவாயில்லை'யை அழுத்தினார். முந்நூறு தடவை படித்த எண். அதில் தப்பு இருக்குமா என்ன?

பிறகு டிரைவரிடம் போய், சரக்குச் சீட்டில் கையெழுத்து மங்கலாக இருக்கிறது, ஓரமாக அரை மணி நேரம் நிறுத்துங்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அரை நிமிஷம் நிறுத்தச் சொன்னாலே டிரைவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரிப்பார்கள். இந்த டிரைவரோ, "எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல சார், நீங்க பதட்டப்படாம பாருங்க" என்றார். கூடவே ஒரு டீயும் வாங்கிவந்து கொடுத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான மனுஷனா என்று பூதக்கண்ணாடி நெகிழ்ந்துபோய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"பதினேழாவது வேகன், மேலடுக்கு, நீலப் பெட்டி. அதை எடுத்துக்கிட்டு ஸ்கூட்டர்ல உடனே வா."

"என்னங்க, மிஷின்ல உட்கார்ந்திருக்கேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"வந்துடுச்சு. என் பெட்டி வந்துடுச்சு."

மறுமுனையில் மிஷின் சத்தம் நின்றது. "சரி, வர்றேன். சாப்பாட்டையும் வெச்சுட்டுப் போயிட்டீங்க, அதையும் எடுத்துட்டு வர்றேன்."

இருபத்தைந்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். கைக்குட்டையில் சுற்றியிருந்ததை அவர் பிரித்தார். பெட்டி நீலம்தான். எண் வேறு.

"போன வாரம் தூசி தட்டினேன்ல. வெளிர் நீலம், நடு நீலம், கருநீலம்னு வரிசையா அடுக்கி வெச்சேன். பார்க்க எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா? நீங்கதான் கவனிக்கவே இல்ல."

கவனித்திருந்தால் வீட்டில் நடந்திருக்கக்கூடிய சண்டையை நினைத்துப் பார்க்கவும் நேரமில்லை. எண்ணை அவள் கையிலேயே எழுதி அவளைத் திருப்பி அனுப்பினார்.

அதற்குள் மேலாளர் மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டு, அந்த லாரி ஏன் நிற்கிறது என்று கேட்டார். எடை பார்க்க வேண்டும் என்று பூதக்கண்ணாடி சமாளித்தார். எடைமேடை வரிசையில் நின்று வர முக்கால் மணி நேரம் ஆகும், மனைவி வந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. டிரைவரின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. ஆனாலும் வண்டியை எடுத்தார்.

சீட்டில் தரை ஓடு, பதினோரு டன் என்று இருந்தது. லாரியையும் காலிப் பெட்டியையும் கழித்த பிறகும் எடைமேடை பத்தொன்பது என்றது.

இதை யார் கேட்டார்கள்? பூதக்கண்ணாடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எடைமேடை கெட்டுப்போய்விட்டது என்றார். மேலாளர் இறங்கிவந்து தன் ஜீப்பை ஏற்றிப் பார்த்தார். ஜீப்பின் எடை கிலோ பிசகாமல் சரியாக இருந்தது.

"எடையைப் பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று மேலாளர் கேட்டார்.

"ஒரு... தகவல் வந்துச்சு சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. மேலாளர் உடனே சுங்க அதிகாரிக்குப் போன் செய்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எடை தப்பா டைப் ஆகியிருக்கும்னு சொல்லி அவங்க தப்பிச்சுக்குவாங்க. நீங்க சொல்ற தகவல் மட்டும் பொய்யா இருந்துச்சு, ஒண்ணுமில்லாத பெட்டியை ரெண்டு மணி நேரம் நிறுத்தினதுக்கு நாளைலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

பதினெட்டு வருஷ வேலை. நடுவிரல் நீளத்துக்கு ஒரு பெட்டியால் போகப்போகிறது.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் வந்தது. இந்தத் தடவை மனைவி வம்பே வைத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த நீலப் பெட்டி அத்தனையையும் பட்டன் டப்பாவில் கொட்டி எடுத்து வந்திருந்தாள். "நீங்களே பொறுக்கிக்குங்க. கையில எழுதினது வேர்வைல அழிஞ்சிடுச்சு."

டப்பாவைக் கிளறினார். இருபத்தொன்பதாவதாகக் கிடைத்தது. 714330, கட்டத்துக்குள் ஒரு எட்டு. எதிரே, நாற்பதடி நீளத்துக்கு, அதே நீலம், அதே எழுத்துகள். வேலை போனால் போகட்டும், படத்தை விடுவதாக இல்லை.

இரண்டும் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமானால் சின்னது கேமராவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பெரியது தள்ளி இருக்க வேண்டும், பிடிப்பவர் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். பூதக்கண்ணாடி கிடங்கின் நடுத் தெருவில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இடது பக்கம். தலையைக் குனியுங்க, வழுக்கை பளபளன்னு அடிக்குது" என்றாள் மனைவி போனைப் பிடித்தபடி. எடுத்தாள். படம் அருமையாக வந்திருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ்.

பூட்ஸுக்கு மேலே சுங்க அதிகாரி அம்மாள் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மேலாளர், பேயறைந்த முகத்தோடு.

"எழுந்திருங்க. தகவல் குடுத்தது யாரு?"

பூதக்கண்ணாடி முழங்காலைத் தட்டிக்கொண்டே எழுந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? தகவலே இல்லை என்பதில் ஆரம்பித்து, பதினேழாவது வேகன், பல் டாக்டர், லெவல் கிராசிங், நடு நீலம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி சாப்பாட்டு டப்பாவை ஸ்கூட்டரில் திரும்ப மாட்டினாள். எப்படியும் வீட்டுக்குத்தானே போக வேண்டும்.

அதிகாரி சின்னப் பெட்டியையும் அவர் பையிலிருந்த பூதக்கண்ணாடியையும் கேட்டு வாங்கினார். படித்தார். நிமிர்ந்து பெரிய பெட்டியைப் படித்தார். பிறகு சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ கூட்டிப் பெருக்கினார்.

"கட்டத்துக்குள்ள மூணுல்ல வரணும்?"

"பெரியதுல அழுக்கா இருக்கும் மேடம்."

"சின்னதுலயும் எட்டுதானே இருக்கு?"

பூதக்கண்ணாடி சீட்டை வாங்கித் தானும் கணக்குப் போட்டார். ஊரில் உள்ள பெட்டிக்கெல்லாம் போட்ட கணக்கு. வீட்டுப் பெட்டிக்கு ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. மூன்றுதான் வந்தது.

"பொம்மை செஞ்சவங்க கைக்கு வந்த நம்பரைப் போட்டிருக்காங்க. அது தப்பில்ல" என்றார் அதிகாரி மெதுவாக. "ஆனா இப்படி ஒரு நம்பர்ல நிஜப் பெட்டி இருக்கவே முடியாதே?"

எல்லாரும் டிரைவரைப் பார்த்தார்கள். வாசல் பக்கமாக நழுவிக்கொண்டிருந்த அந்தத் தங்கமான மனுஷன் நின்றுவிட்டார். தலையைச் சொறிந்தார்.

"பழைய நம்பரை அழிச்சுட்டு இந்த நம்பரை நான்தான் மேடம் எழுதினேன், முதலாளி மேசைல ஓடுற பொம்மை ரயிலைப் பார்த்து. சார் கையில இருக்கிறதுதான் அசல், இந்த நாற்பதடிதான் அதோட பொம்மை."