கடைசிப் பறப்புக்கு உடைத்த தேங்காய்

கூச்சப்படுகிறவனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு. வாயாடி ஒருத்தன் காரியத்தைக் கெடுக்கப் போனால் பாதியிலேயே தடுத்துவிடலாம். அவன்தான் முன்கூட்டியே ஊரெல்லாம் சொல்லியிருப்பானே. கூச்சக்காரன் கெடுத்து முடிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. நான் ஒரு விமானத்தையே தரையில் நிறுத்தி வைத்தவன். அதுவும் வாயைத் திறக்காமல்.

நான் படித்தது நாலாம் கிளாஸ். திருவனந்தபுரத்தில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியில் உதவியாள் வேலை. சின்ன விமானங்களைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வருவது, கழுவுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. (பறக்கிறது தவிர மிச்சமெல்லாம் இவுகதான் என்று என் பெண்டாட்டி வெளியே சொல்லிக்கொள்வாள்.)

அங்கே தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் ராமசேஷன். ஊருக்குள்ளேயே கரமனை அக்கிரகாரத்துக்காரர். நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் படித்த ஒருத்தருக்கும் பயிற்சியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. காரணம், பாதுகாப்பு விஷயத்தில் மனுஷன் கொஞ்சம் கிறுக்கு. தினமும் காலையில் எல்லாரும் வரிசையாக, தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கல், ஆணி, பாட்டில் மூடி, எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். விமானத்தின் விசிறி ஒரு சின்னக் கல்லை இழுத்தாலும் ஆபத்து என்பார். ஒரு தடவை ஒரு திருகாணி குறைகிறது என்று அரைநாள் விமானத்தை நிறுத்திவிட்டார். கடைசியில் அது மெக்கானிக் பிஜுவின் சாப்பாட்டு டப்பாவில், அவியலுக்குள் கிடந்தது. பிஜு இப்போது அவியலைத் தொடுவதில்லை.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெறுகிற நாளில் வழியனுப்பு விழா. விமானத்துக்கு முன்னால் நாற்காலிகள், பழைய மாணவர்கள், கேப்டனின் மனைவி (எங்களுக்கு மாமி), கமிட்டித் தலைவர். பொன்னாடை, பேச்சு, அதன்பிறகு கேப்டன் கடைசியாக ஒரு சுற்றுப் பறந்து வருவது என்று ஏற்பாடு. ஓடுபாதை பெரிய விமானங்களுக்கும் பொது என்பதால் எங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கப்புறம் வளைகுடா விமானங்கள் வரிசையாக இறங்க ஆரம்பித்துவிடும். விட்டால் போச்சு.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து தேங்காய் வாங்கி வந்து உடைக்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் பள்ளியில் தேங்காய் உடைப்பது கேட்டுக்கு வெளியே, சாக்கு விரித்துத்தான். கேப்டன் போட்ட சட்டம். நான் கேட்டைப் பார்த்து நடந்தேன். தலைவர் கூப்பிட்டார், விமானத்துக்கு முன்னாலேயே உடைத்தால் போதும் என்று.

"எவிடெ போணு? இவிடெ மதி. பிளேனின்டெ முன்னில். போட்டோவில் வரணும்."

இங்கே உடைக்கக் கூடாது சார் என்று சொல்ல வேண்டியது நான். கேப்டன் யாருடனோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். மற்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டம் பார்த்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் போகவேண்டிய பலமெல்லாம் கைக்குப் போய்விடும். அடித்தேன். தேங்காய் உடைந்தது என்று சொல்ல முடியாது, வெடித்தது. ஒரு சில்லு தலைவரின் செருப்புக்குள், ஒன்று மாமியின் மடியில், மிச்சம் எட்டுத் திசைக்கும்.

கேப்டனின் காலடியிலும் ஒன்று விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிரசாதம் மிதிபடக் கூடாது என்ற வீட்டுப் பழக்கத்தில் கை தானாகச் செய்த வேலை. உடனே யாரோ பொன்னாடையைப் போர்த்தினார்கள். பை மறைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவர் தரையைப் பார்த்தார்.

"யாரும் அசையாதேங்கோ," என்றார். "ஒரு சில்லு பாக்கி இருந்தாலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது."

மரியாதை செய்ய வந்த கூட்டம் பட்டுப்புடவையும் கோட்டுமாகத் தரையில் குனிந்தது. சில்லெல்லாம் மேஜைக்கு வந்தது. கேப்டன் மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தித் தேங்காயைத் திரும்பவும் தேங்காயாக்கினார். தேங்காயின் கண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை நின்றது.

"ஒண்ணு குறையறது."

"ஏன்னா, ஒரு சில்லுதானே," என்றார் மாமி. "காக்கா கொண்டுபோயிருக்கும்."

"கொண்டுபோனதை நீ பாத்தியா?"

"பாக்கலை."

"அப்போ இங்கேதான் இருக்கு."

இங்கேதான் இருந்தது. அவர் நெஞ்சிலேயே இருந்தது. பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

பிஜுவின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "பிஜு, சில்லு கேப்டன் பையில இருக்கு டே. நீ சொல்லேன்."

"ஞானோ? என்டெ அவியல் கேஸே இன்னும் தீரலை. அண்ணன் பறயு."

"எனக்கு வாய் வராது டே."

"அப்போ தேடு அண்ணா. நல்லாத் தேடு."

தேடினேன். இல்லாத இடத்தில் தேடுவதில் அன்றைக்கு என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு டயரைத் தூக்கிக்கூடப் பார்த்தேன். அப்புறம் துணிந்து மாமியிடம் போனேன். "மாமி..." என்றேன்.

"காப்பியா முத்தையா? பிளாஸ்க்ல இருக்கு, எடுத்துக்கோ."

எடுத்துக் குடித்தேன். (வேறென்ன செய்ய?)

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டுவிட்டார்கள், போகிறீர்களா இல்லையா என்று. கேப்டன் அந்த விமானத்தைப் பார்த்தார். அதற்கு முந்தின நாள் முழுக்க நான் துடைத்து வைத்த விமானம். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றேன். "சார்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. வாய் வராததால் கை போயிற்று. பொன்னாடையை விலக்கி, அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

வாசல் காவலர் ஒரே பாய்ச்சலில் வந்து என் கையை முறுக்கினார். "எந்தாடா காணிக்குன்னது? பர்ஸ் அடிக்கியோ?"

முறுக்கிய கையில் தேங்காய்ச் சில்லு இருந்தது.

கேப்டன் அதை வாங்கி ஓட்டையில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கத் தும்மினார்கள்.

"முத்தையா, நான் எடுக்கறதை நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"எடுத்தது நீங்கன்னுதான் சார்."

அவர் எழுந்தார். மைக்கை எடுத்தார். "நாப்பது வருஷமா நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணுதான். தப்பைப் பாக்கறவன் சொல்லணும், பண்றது கேப்டனே ஆனாலும். இன்னிக்குப் பண்ணினது நான். பாத்தவன் என்னைக் கண்டு பயந்துண்டு காப்பி குடிச்சிண்டிருந்தான். எனக்கு நானே மார்க் போட்டா ஃபெயில்தான்." அவர் உட்காருவதற்குள் தலைக்குமேல் பெரிய விமானம் ஒன்று இரைந்துகொண்டு இறங்கியது. எங்கள் நேரம் முடிந்திருந்தது. எல்லாரும் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதேன். இட்லியும் சாப்பிட்டேன்.

மாசக் கடைசிக்குள், யார் யார் காலையோ பிடித்து அவர் திரும்பவும் கொஞ்சம் நேரம் வாங்கிவிட்டார். அன்றைக்கு மாலையில்லை, தலைவரில்லை. "ஏறு. பக்கத்து சீட்டுல உக்காரு," என்றார் என்னிடம். "ஒரு கண்டிஷன். கண்ணுல படறதெல்லாம் சத்தமாச் சொல்லணும். சாருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கப்படாது."

விமானம் எழும்பியது. பயத்தில் எனக்கு நாற்பது வருஷப் பேச்சும் ஒன்றாக வந்தது.

"சார், கடல்."

"சரி."

"சார், சங்குமுகம் பீச். சார், வள்ளம். சார், வள்ளத்துல ஒருத்தன் பீடி குடிக்கான்."

"அது எப்படிடா தெரியறது?"

"சார், பருந்து."

விமானம் சட்டென்று சாய்ந்தது. பருந்து பக்கவாட்டில் போய் மறைந்தது. "நல்ல வேளை சொன்னே," என்றார் கேப்டன். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"சார், பருந்து போயிட்டு. சார், மேகம். சார், உங்க கண்ணாடி வழுக்குது. சார், மூக்குல வேர்வை."

"முத்தையா, இறங்கற வரைக்கும் கொஞ்சம் வாயை மூடிக்கோ."

நான் மூடவில்லை. கேப்டனே தப்புப் பண்ணினாலும் சொல்லணும் என்று சொன்னவர் அவர்தானே.

அப்போது திறந்த வாய்தான். பஸ்ஸில் போனால் டிரைவருக்கு எதிரே வரும் வண்டியெல்லாம் சொல்கிறேன். சம்பந்தி வீட்டு விருந்தில் சாம்பாரில் உப்பில்லை என்று முதல் ஆளாகச் சொன்னேன். என் மகள் ஆட்டோ பிடித்தால் டிரைவரிடம் முதலில், "அண்ணா, எங்க அப்பா லேண்ட் ஆகுற வரைக்கும் பேசுவாங்க, கண்டுக்காதீங்க," என்று சொல்லித்தான் ஏறுகிறாள். பொறுக்க முடியாமல் என் பெண்டாட்டி ஒருநாள் கரமனைக்கே போய்க் கேப்டனிடம் முறையிட்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, பறக்கப் போற பிளேனை நிறுத்தத்தான் எனக்குத் தெரியும். இதை நிறுத்த எனக்குத் தெரியாது," என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.