சுத்தம் செய்த நாள்: வரும் பதினைந்தாம் தேதி

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி, ஊராட்சித் தலைவர் சென்றாயன் அவர்களுக்கு, மேலத்தெரு வாத்தியார் மதியழகன் வணக்கத்துடன் எழுதுவது. என் வயிறு நீங்கலாக இங்கு அனைவரும் நலம். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்பீர்கள். நேரில் வந்தால் சம்பந்தி மரியாதையென்று காபியும் முறுக்கும் கொடுத்து என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குக் காபி கொடுக்க முடியாது.

மூன்று மாதமாக நெஞ்செரிச்சல், உப்புசம். ஊரே ‘கேஸ்’ என்றது. பூண்டு, ஓமம், சோடா எல்லாம் பார்த்துவிட்டு நாமக்கல் போனேன். டாக்டரம்மா வாய்வழியே குழாய் விட்டு ஒன்றையும், மலத்தைச் சோதித்து இன்னொன்றையும் கண்டுபிடித்தார். இரைப்பையில் பாக்டீரியா, குடலில் ஒட்டுண்ணி. வகுப்பில் சொல்வதுபோல் சொன்னால், மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், இரண்டுக்கும் சோறு போடுவது நான். “மாத்திரை தாரேன் சார். ஆனா அதே தண்ணியக் குடிச்சா ரெண்டும் திரும்ப வருமுங்க” என்றார். ஊராட்சிக் குழாய் என்றேன். அவர் சிரித்ததை எழுதினால் தாங்கள் வருந்துவீர்கள், எழுதவில்லை. வீட்டில் அங்கம்மாளோ, “பூச்சி கொழந்தைங்களுக்குத்தானுங்களே வரும்? எனக்குத் தெரியாம சக்கரை தின்னீங்களா?” என்று டப்பாவை ஒளித்துவிட்டாள்.

நேரே மேல்நிலைத் தொட்டிக்குப் போனேன். தூணில் புது நீலப் பெயிண்டில் இந்த மாதத்தையே போட்டு ‘சுத்தம் செய்த நாள்: 15’ என்றிருந்தது. அன்று தேதி ஏழு. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் காளியப்பனைக் கேட்டேன்.

“தேதி எழுதச் சொன்னாங்க, எழுதீட்டனுங்க வாத்தியாரே. கழுவோணும்னு யாருஞ் சொல்லலீங்களே!”

“மேலே ஏறிப் பார்த்தாயா?”

“ஏணில நாலு படி இல்லீங்க சாமி. பெயிண்டுக்குக் கீழ நின்னாப் போதுமுங்க.”

பரீட்சைக்கு முன்பே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொண்ட மாணவனை முப்பத்தைந்து வருடத்தில் நான் பார்த்ததில்லை, சம்பந்தி.

இருபதாம் தேதி நிலா விடுமுறைக்கு வருகிறாள். உங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் இருக்கும் ஒரே பிள்ளை, ஆறு வயது. போன விடுமுறை முடிந்து இரண்டு கிலோ இளைத்து, வெளிறிப்போய்த் திரும்பினாள். நாம் இருவரும் ‘வெயில்’ என்றோம். இந்த முறை வெயிலின் மேல் பழி போட வேண்டாம். அவள் வருமுன் தொட்டியை நிஜமாகவே கழுவுங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் பதவி பெயிண்டைவிட நீடிக்கட்டும்.

இப்படிக்கு,
மதியழகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தியம்மா போன் செய்தார். “அண்ணா, எங்கூட்டுக்காரருக்கும் அதே ரெண்டுமாமுங்க! கேன் தண்ணிதானுங்க குடிக்கிறாரு!” விசாரித்தேன். அந்தக் கேனை நிரப்புவது நம் தொட்டிக் குழாயில்தான். ஆகவே மேற்கண்ட புகாரை வாபஸ் பெறுகிறேன். இனி அது தங்கள் புகார். தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்; நேரில் போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.