பறக்கும் எருமைக்குப் பத்து விழுக்காடு

பாவசங்கீர்த்தனத்தில் இதை ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஃபாதர் மரத்தட்டிக்கு அப்பாலிருந்து, "எருமைக்கு றெக்கை இருந்துச்சுன்னா சொன்னீங்க?" என்று கேட்டார். ஆமாம், இரண்டு என்றேன். இது எந்தக் கட்டளையின் கீழ் வரும் என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு பரலோக மந்திரம் சொல்லும்படியும், ஒரு மாதத்துக்கு யாருக்கும் கடிதம் எழுதாமல் இருக்கும்படியும் சொல்லி அனுப்பினார். முதலாவதை அங்கேயே முழங்காலில் நின்று முடித்தேன். இரண்டாவதுதான் சிரமமாக இருந்தது.

நான் கெடா மாநிலத்தில் ஒரு மாவட்ட நில அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துத் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். நிலத்தைப் பெயர் மாற்றுவது, பிரிப்பது, அடமானம் வைப்பது, அடமானத்திலிருந்து மீட்பது ஆகிய எல்லாவற்றுக்கும் எந்தப் பாரம், எத்தனை பிரதி, எங்கே முத்திரைத் தீர்வை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். (கேட்காமலே தூக்கத்தில் சொல்கிறேன் என்பது என் மனைவி பிலோமினாவின் குற்றச்சாட்டு.) ஓய்வு பெற்ற மறுநாளே எனக்கு முன்னால் வரிசையில் நிற்க யாரும் இல்லாமல் போயிற்று. ஆகவே வீட்டை அலுவலகமாக மாற்றினேன். தண்ணீர் கட்டணத்துக்கு ஒரு கோப்பு. பக்கத்து வீட்டு மாமரம் நம் சுவரின் மேல் சாய்வதற்கு ஒரு கோப்பு. அந்த மாமரத்தை வெட்டி ஒரு வருடம் ஆகியும் கோப்பை மூடவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. அப்போது இருபத்தேழு வயது. குருணில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நாங்கள் இருப்பது பீடோங்கில். காரில் போனால் இருபது நிமிடம். ஆனால் தொழிற்சாலை பஸ் காலை ஐந்தேகாலுக்கு வந்து, வழியில் உள்ள எல்லாத் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்து வெளியேறி, ஏழு மணிக்குத்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்று வருடம் இப்படிப் போய் வந்தாள். குருணில் ஒரு பழைய கார்க் கடையில் ஒரு சிறிய வெள்ளைக் காரைப் பார்த்து வைத்திருந்தாள். முன்பணம் கட்ட வியாழக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அப்பா, என் எருமைய விக்கப் போறேன்."

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பூச்சட்டி வைக்கத்தான் இடம் உண்டு. எங்கே கட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"கேம்லப்பா."

பிறகு விளக்கினாள். கல்லூரி நாளிலிருந்து கணினியில் ஒரு விளையாட்டு ஆடி வருகிறாள். அதில் ஊர் சுற்ற ஏறிப் போக ஒரு பிராணி வேண்டும். எல்லாரும் குதிரை வைத்திருப்பார்கள். ஒரு வருடம் மட்டும் ஏதோ விழாவுக்காக, ஏழு நாளும் தவறாமல் வந்தவர்களுக்குக் கம்பெனி ஒரு கறுப்பு எருமையைக் கொடுத்தது, இறக்கையோடு. அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது எங்கேயோ இருக்கும் ஒரு மனிதர் அந்த எருமைக்கு நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) தருவதாகச் சொல்கிறார்.

"நாலாயிரத்துக்கு நெசமான எருமையே வாங்கலாமே" என்றேன்.

"அது சாணி போடும்லா" என்றாள் பிலோமினா. அவள் எந்த விஷயத்திலும் நடைமுறைச் செலவை முதலில் பார்ப்பவள்.

எனக்கு மகள்மேல் மரியாதை வந்தது. இல்லாத மாட்டை நாலாயிரத்துக்கு விற்கும் ஒருவரை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. இல்லாத நிலத்தை விற்றவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் பிறகு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

விற்பனை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். இணையத்தில் ஒரு சந்தை இருக்கிறதாம். வாங்குபவர் பணத்தைச் சந்தைக்காரரிடம் கட்டுவார். இவள் விளையாட்டுக்குள் போய் எருமையை அவரிடம் ஒப்படைப்பாள். அவர் கிடைத்துவிட்டது என்று சொன்னதும் சந்தைக்காரர் பணத்தை இவளுக்கு விடுவிப்பார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு கைப்பேசியில் கட்டணப் பட்டியலைக் காட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தேன்.

விற்பவரிடம் பத்து விழுக்காடு. பணத்தை வெளியே எடுக்க இன்னொரு கட்டணம். அமெரிக்க டாலரை வெள்ளியாக்க இன்னும் ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் போகிறது.

"வாங்குறவன் எவ்வளவு கட்டுறான்?"

"அவனுக்கு ஒன்னும் இல்லப்பா."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். பெயர் மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வையை வாங்குபவர்தான் கட்டுவார். இது உலக வழக்கம். (உலகம் என்று நான் சொல்வது அலோர் ஸ்டாரிலிருந்து செர்டாங் வரை.) விற்கிற ஆள் தலையில் பத்து விழுக்காடு கட்டுவது எந்த நிலச் சட்டத்தில் இருக்கிறது?

"அது நெலம் இல்லப்பா."

"யாரு இவன்? லைசன்ஸ் இருக்கா? வக்கீலா? தரகுன்னாலும் ரெண்டு மூணு விழுக்காடுதான்."

"அந்தாளு காசக் குடுக்காம ஓடிட்டான்னா? அதுக்குத்தான்பா அந்தப் பத்து. எனக்கே தெரியும், ஜாஸ்திதான். கார் கெடச்சா போதும். எனக்கு அந்த பஸ்ஸ நெனச்சாலே கொமட்டுது."

அது நல்ல பதில். இன்று எனக்குத் தெரிகிறது. அன்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"எருமையக் குடுத்தது கேம் கம்பெனிதானே? அவங்களுக்குத் தெரியுமா, அவங்க எடத்துல ஒருத்தன் ஒக்காந்துகிட்டு இப்படி வசூல் பண்றான்னு?"

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. "அப்பா, அதுதான் சொல்ல வந்தேன். கம்பெனிகிட்ட இதப் பத்திப் பேசவே கூடாது. ஏன்னா அவங்க..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். முப்பத்தாறு வருடம் பொதுமக்கள் இப்படித்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேண்டாம் சார், மேலிடத்துக்கு எதுக்கு சார் என்பார்கள். அது கூச்சம். நல்ல அதிகாரி கூச்சப்படுகிறவருக்காகப் பேச வேண்டும்.

எருமையை ஒப்படைப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். எனக்கு ஒருநாள் அவகாசம் இருந்தது.

சனிக்கிழமை ஒரு கோப்பைத் திறந்தேன். தலைப்பு: எருமை (இறக்கையுடன்), விற்பனைக் கட்டணம் தொடர்பாக. ஸ்டெல்லா மேசையில் விட்டுப்போயிருந்த தாள்களிலிருந்து அவளுடைய விளையாட்டுப் பெயரையும் கணக்கு எண்ணையும் எடுத்துக்கொண்டேன். அவளுடைய அடையாள அட்டையின் நகல் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. எல்லாருடைய நகலும் என்னிடம் இருக்கும். ஆனால் ஓய்வு பெற்றவன் நகலுக்கு உறுதிச் சான்று போட முடியாது. ஆகவே அடுத்த தெருவில் இருக்கும் தலைமையாசிரியரிடம் போய் முத்திரை வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அது நல்ல அதிகாரிக்கு அடையாளம் என்று நினைத்தேன். இன்று, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கெடாவில் ஞாயிறு வேலை நாள் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும், ஸ்டெல்லாவின் தொழிற்சாலைக்கு மட்டும் சனியும் ஞாயிறும். அதனால் நான் என்றுமே சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போகிறவன். பிலோமினாவும் ஸ்டெல்லாவும் ஞாயிறு காலைப் பூசைக்குப் போவார்கள். அந்த ஞாயிறும் அவர்கள் போனார்கள். நான் சரியாக ஒன்பது மணிக்குச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன்.

கடிதம் முறையான அரசாங்க மலாயில் இருந்தது. அவர்கள் வெளிநாட்டவர் என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்தேன். முதல் பத்தியில், கீழ்க்கண்ட எருமையின் உரிமையாளர் என் மகள் என்றேன். இரண்டாம் பத்தியில், அவள் அதை நாலாயிரம் வெள்ளிக்கு மூன்றாம் தரப்பினர் ஒருவருக்கு அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு விற்கவிருக்கிறாள் என்றேன். நேரத்தைக் குறிப்பிடுவது நல்லது, விரைவாக நடவடிக்கை எடுப்பார்கள். மூன்றாம் பத்தியில், சந்தை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு தரப்பு இதற்குப் பத்து விழுக்காடு வசூலிப்பதை எடுத்துச் சொல்லி, அதற்குத் தங்கள் அனுமதி உண்டா, உண்டென்றால் அந்தக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று பணிவுடன் கேட்டேன். இணைப்பு 'அ' எருமையின் படம். 'ஆ' கட்டணப் பட்டியல். 'இ' உறுதி செய்யப்பட்ட அடையாள அட்டை நகல். எல்லா அரசாங்கக் கடிதத்திலும் வரும் 'நாட்டுக்குச் சேவை' என்ற வாசகத்தோடு முடித்துக் கையொப்பமிட்டேன். அனுப்பும்போது எனக்கு மார்பு சற்று விரிந்தது உண்மை.

பத்தேமுக்காலுக்குப் பதில் வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் கடிதம் கிடைத்தது என்று சொல்லவே பதினான்கு வேலை நாள் ஆகும். வியந்துபோய் முதலில் அச்செடுத்தேன். துளையிட்டேன். கோப்பில் சேர்த்தேன். பக்க எண் போட்டேன். அதற்குப் பிறகுதான் படித்தேன்.

தகவலுக்கும் முழுமையான ஆதாரங்களுக்கும் மிக்க நன்றி என்று தொடங்கியிருந்தார்கள். விளையாட்டுப் பொருட்களை நிஜப் பணத்துக்கு விற்பது நிபந்தனைகளின்படி தடை செய்யப்பட்டது, ஆகவே மேற்குறிப்பிட்ட கணக்கு உடனடியாக முடக்கப்படுகிறது என்று முடித்திருந்தார்கள். எந்த நிபந்தனை என்பதையும் எண்ணோடு சொல்லியிருந்தார்கள். கவுன்டருக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நிபந்தனைகளைப் படித்தீர்களா என்று கேட்டே தலை நரைத்தவன் நான். அதில் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை.

பதினொன்றரைக்கு இருவரும் நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்தார்கள். ஸ்டெல்லா பசியாறாமல் நேராகக் கணினிக்குப் போனாள். இரண்டு முறை கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தாள்.

"அப்பா. நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?"

நான் கோப்பை நீட்டினேன். சொல்லுவதைவிட அது சுலபமாக இருந்தது. அவள் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இணைப்பு 'இ' என்னாப்பா?"

"ஒன் ஐசி நகல்."

"முத்திரையெல்லாம் போட்டிருக்கு."

"முத்திரை இல்லாம எப்படி அனுப்புறது?"

பிலோமினா கோப்பை வாங்கிப் பார்த்தாள். கடிதத்தைப் படிக்கவில்லை, எருமையின் படத்தைத்தான் பார்த்தாள். "அழகாத்தான் இருந்திருக்கு" என்றாள், இறந்தவரைச் சொல்வதுபோல்.

ஸ்டெல்லா கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். மறுநாள் சந்தைக்காரரிடமிருந்து தகவல் வந்தது. வாங்குபவருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. பேசியபடி பொருளை ஒப்படைக்கத் தவறியதற்காக விற்பவர் எண்பது வெள்ளி கட்ட வேண்டும். ஐந்நூறு வெள்ளிக் கட்டணத்தை எதிர்த்துப் போராடி, எருமையையும் பறிகொடுத்து எண்பது வெள்ளிக் கட்டணமும் கட்டிய குடும்பம் தீபகற்பத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எண்பதை நான் கட்டினேன். ரசீதைக் கோப்பில் சேர்க்கவில்லை. வாழ்க்கையில் அப்படி நான் விட்ட முதல் ரசீது அது.

வியாழக்கிழமை அந்த வெள்ளைக் காரை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் பஸ்ஸுக்குப் போகிறாள். நான் எழுந்து, கட்டியிருந்த சாரத்தோடு வெளியே போய் என் பழைய காரை எடுத்தேன். பஸ் நிற்கும் இடத்தில் அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏறு."

"வேணாம்பா."

"ஏறும்மா. கடுதாசி ஒன்னும் இல்ல. காடி மட்டும்தான்."

ஏறினாள். பின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஒரு வாரம் முழுக்க நான் டாக்சி ஓட்டுநரைப்போல அவளைக் குருணுக்குக் கொண்டுபோய் விட்டேன். எட்டாம் நாள் முன் இருக்கைக்கு வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்பதையும் கொஞ்சம் குறைத்திருந்தேன்.

முன் இருக்கைக்கு வந்த பிறகு மேல்முறையீடு பற்றி மெல்லப் பேச்செடுத்தேன். எந்த முடிவுக்கும் மேல்முறையீடு உண்டு, முப்பது நாளுக்குள் போட வேண்டும். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"நான் சொல்றத டைப் பண்ணுங்க. மூணே வரி. இணைப்பு இல்ல."

"மொழிபெயர்ப்பு?"

"அப்பா."

மூன்றே வரி அடித்தேன். விற்பனை நடக்கவில்லை, தவறு அப்பாவுடையது, அவர் வயதானவர் என்று இருந்தது. மூன்றாம் வரியை நான் ஏற்கவில்லை, ஆனாலும் அடித்தேன். இரண்டு வாரத்தில் கணக்கைத் திறந்துவிட்டார்கள். எருமையும் திரும்பி வந்தது, ஒரு நிபந்தனையோடு. அதன் படத்துக்குக் கீழே இனிமேல் ஒரு வரி நிரந்தரமாக இருக்கும். இந்தப் பொருளை விற்கவோ, மாற்றவோ, பரிசளிக்கவோ முடியாது.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஏதோ பழைய நண்பரைப் பார்த்ததுபோல் இருந்தது. நிலப்பட்டாவில் இதே போன்ற கட்டுப்பாட்டை என் கையாலேயே ஆயிரம் முறை அடித்திருக்கிறேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஸ்டெல்லா கணினியை அணைத்தாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் என் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் எருமை சௌக்கியமா என்று கேட்கிறார்கள். சந்தையில் மீன்காரர் விலையைக் கூட்டிச் சொன்னால், "ஏங்க, நீங்க தள்ளி நில்லுங்க, இவருக்கு லெட்டர் ஒன்னும் போட்டுறாதீங்க" என்கிறாள் பிலோமினா. என் பழைய காருக்கு வீட்டில் எருமை என்றே பெயர். தினமும் காலையில் ஸ்டெல்லா அம்மாவிடம், "எருமை சூடாயிருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவாள்.

இப்போது அவள் சம்பளத்தில் சேர்த்த பணம் ஒரு காருக்குத் தாராளமாகப் போதும். போன மாதம் அதே கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கார்களைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றின் கதவைத் திறந்து மூடினாள். அப்புறம் பார்க்கலாம்பா என்று வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள் எந்திரத்தில் அச்சடித்த ஒரு சின்னத் துண்டு காருக்குள் ஒட்டியிருந்தது. இந்தப் பொருளை விற்கவோ, மாற்றவோ, பரிசளிக்கவோ முடியாது. எழுத்துப் பிழை இல்லை, ஓரம் நேராக இருந்தது. கார் பழையதாகிவிட்டது, யாரும் வாங்க மாட்டார்கள் என்று கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பிலோமினாவிடம் காட்டினேன்.

அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். "காடியப் பத்தின்னா கண்ணாடியில ஒட்டியிருப்பா" என்றாள். "இது நீங்க ஒக்காந்து ஓட்டுற சீட்டுலதானே ஒட்டியிருக்கு?"