வருஷத்துக்கு ஒரு முழம் அகலும் ஆறு

கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த ரகம் அல்ல. பெரும்பாலானவர்கள் வந்தோமா, வீடு பிடித்தோமா, பிழைத்தோமா என்று இருந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, முப்பது வருஷத்துக்கு முன்பே பஸ் ஏறி வந்துவிட்டு, இன்னும் ஊர் ஆற்றிலிருந்து கரையேறாத ஆசாமியை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள். அதைக் கடைசியில் பேசுவோம்.

நம் ஆசாமி ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. ‘ஆத்தங்கரையார்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஜன்னலில் நாலு தூறல் விழுந்தால் போதும், “இதெல்லாம் ஒரு மழையா?” என்று பேனாவை மூடுவார். தீர்ந்தது. மழையில் நனைந்தே வளர்ந்தது, மரத்தின் உச்சியில் உட்கார்ந்தே பழம் தின்றது, பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி எறிந்தது, இந்தக் கரையில் குதித்து அந்தக் கரையில் எழுந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். டீ ஆறும், பைல் தூங்கும், பக்கத்து மேஜைக்காரர் கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைப்பார். சாயங்காலம் அதே தூறலில் இறங்கும்போது நம்மவர் குடையும் பிடித்துத் தொப்பியும் போட்டுக்கொள்வார். வீட்டில் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுவார்.

ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? அவர் வேலையில் சேர்ந்தபோது அது ஓடை. கல்யாணத்தின்போது ஆறு. தலைமைக் குமாஸ்தா ஆனபோது அக்கரை கண்ணுக்கே தெரியவில்லை.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அவருடைய அக்கா. மற்றப் பிள்ளைகள் நீந்தியதும் மரமேறியதும் நிஜம்தான். இவருக்குத் தண்ணீரும் பயம், உயரமும் பயம். அதனால் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய துணிமணியையும் செருப்பையும் பார்த்துக்கொண்டார். அக்கா வந்து தங்கும் நாட்களில் ஆறு அடியோடு வற்றிவிடும். மூட்டுவலியைப் பற்றி மட்டும் பேசுவார்.

அலுவலகம் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? அவருடைய ஒன்பது வயது மகள் நம்பினாள். ‘எங்க அப்பா குரங்கைவிட நல்லா ஏறுவாங்க’ என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு ஜோடிக் கண்ணுக்காகத்தான் மனிதர் ஆற்றை இவ்வளவு சிரமப்பட்டு அகலப்படுத்தினார் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய பூனைக்குட்டி, குடியிருப்பு வாசலில் இருந்த மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்தியது. மாடிக்கு மாடி தலைகள் எட்டிப் பார்த்தன.

“அப்பா, ஏறுங்கப்பா” என்றாள் மகள்.

அவர் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். பட்டையைத் தட்டிப் பார்த்தார். “இது சரியான மரம் இல்லம்மா. எங்க ஊர் மரம்னா கிளையே கை குடுத்துத் தூக்கிவிடும்.”

“ஏணி கொண்டு வரட்டுமா சார்?” என்றார் காவலாளி.

“ஏணி வச்சு ஏறினா அதுக்குப் பேர் மரமேறுறதா?”

“பூனைக்கு அதெல்லாம் தெரியாது சார்.” சொல்லிவிட்டுக் காவலாளி ஏணியைக் கொண்டு வந்து சாத்தியும்விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குட்டிக்குக் கால் வழுக்கியது. ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கியது. மகள் அழுதபடி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முதல் படியில் ஒரு காலை வைத்தார். ஏணி கடகடவென்று ஆடியது மூன்றாம் மாடிவரை கேட்டது. காலை எடுத்துவிட்டார்.

அவர் மனைவி ஏழாவது மாடியில் பிறந்து ஏழாவது மாடியில் வளர்ந்தவர். ஆற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். விறுவிறுவென்று வந்து செருப்பைக் கழற்றி, “இதக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று கணவர் கையில் கொடுத்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். ஏறினார்.

நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பிரண்டையும் ஜோடி சேர்த்து, குதிகாலைத் தன் பக்கம் திருப்பி வைத்து, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவற்றின்மேல் ஒரு கையையும் வைத்துக்கொண்டார். அதில்தான் எத்தனை பழக்கம். குட்டியோடு மனைவி இறங்கும் வரை அந்தக் கை அசையவில்லை.

மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்பா, நீங்க மரமே ஏறினதில்லையா?”

எல்லா மாடியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவர் செருப்பை மனைவி பக்கம் நகர்த்தி வைத்தார். “இல்லம்மா. பயம். மத்தவங்கல்லாம் ஏறுவாங்க, தண்ணில குதிப்பாங்க. நான் துணி, செருப்பெல்லாம் பாத்துக்குவேன்.”

“எத்தன பேரோடது?”

“ஏழு பேரு. ஒரு நாளும் ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல.”

அவள் யோசித்தாள். “நீங்க இல்லன்னா அவங்கல்லாம் எப்படி வீட்டுக்குப் போயிருப்பாங்க?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை.

இதோடு திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? திங்கட்கிழமை அலுவலகத்தில் ஏழு பேர் பதினைந்து பேர் ஆனார்கள். வெள்ளிக்கிழமைக்குள், சட்டையைத் தின்ன வந்த மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. இருக்கட்டும். போன வாரம் உங்கள் பிள்ளைகளிடம் சொன்னீர்களே ஒரு கிணறு, நீங்கள் தலைகீழாகக் குதித்தது, அது எத்தனை ஆள் ஆழம்? எதற்கும் உங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.