அப்பாவின் வெல்வெட் கச்சை

கடைசியில் எங்கப்பா ஒரு கேள்வி கேட்பார். அப்போது சிரித்துக்கொள்ளுங்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். நானும் அம்மாவும் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தோம்.

அப்பா தண்ணீர்க் குழாய் விற்பவர். வருஷத்துக்கு ஒருநாள் மட்டும், ஆண்கள் மட்டுமே உள்ள சகோதரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கோட்டுக்கு மேல் தங்கச் சரிகை போட்ட நீல வெல்வெட் கச்சையை இடுப்பில் மாட்டி, 'மாண்புமிகு சகோதரர்' ஆகிவிடுவார். கச்சை பெண்கள் கண்ணில் படக் கூடாதாம், சத்தியம் செய்திருக்கிறார். அதனால் அது பூட்டிய பெட்டியில். சாவி பழைய ஷூவுக்குள். இது அம்மாவுக்கும் எனக்கும் பேப்பர்காரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

அடுத்த தலைவர் அப்பாதான், மூன்று மாதத்தில் பதவியேற்பு என்று முடிவான வாரம், பத்துக் கிலோ குறைக்காவிட்டால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். அப்பா அசரவில்லை.

"பன்னிரண்டு வருஷமா அதே கச்சை, அதே கொக்கி. குண்டாயிருந்தா மாட்டுமா?"

மாட்டும். அம்மா தையல்காரி. மனுஷன் மனசு நோகக் கூடாதென்று வருஷத்துக்கு அரை அங்குலம் உள்மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அன்றைக்கு ஆறு அங்குலத்தையும் ஒரே மூச்சில் பிடித்துத் தைத்துவிட்டாள்.

மறுநாள் பூட்டிய அறைக்குள் ஒரே முனகல். புதுசு தைக்கக் கொடுத்துவிடுவாரே? பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, சங்கச் செயலாளரின் மூக்கடைத்த குரலில் நான் பேசினேன். "சகோதரரே, அவரவர் கச்சைதான் அவரவர் இடுப்பில் ஏறணும். ஏறாதவருக்கு நாற்காலி கிடையாது." அப்பா எழுந்து நின்று கேட்டாராம்.

அன்றிலிருந்து விடிந்தால் நடை. காற்று வாங்கவாம். இன்னும் ஒரு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா கெஞ்சுவாள். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். இளைப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாரென்று, அவர் பேண்ட்டுகளையும் வாராவாரம் பிடித்துத் தைத்தாள்.

பதவியேற்பு நாள். அறைக்குள் கொக்கி 'டக்'கென்று மாட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வணக்கம் சொல்லிப் பார்க்க இரண்டு கையையும் தூக்கினார் போல. 'தொப்'பென்று இன்னொரு சத்தம்.

அம்மா நாக்கைக் கடித்தாள். சலவைக்குப் போயிருந்த கறுப்புப் பேண்ட்டைப் பிடித்துத் தைக்க மறந்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் பேண்ட்டை இழுத்து மேலே ஏற்றும் சத்தம்.

"போன வருஷப் பேண்ட் நிக்க மாட்டேங்குது. பன்னிரண்டு வருஷக் கச்சை மட்டும் கச்சிதமாப் பிடிக்குது." அப்பா யோசிப்பது வெளியே கேட்டது. "ஏம்மா... சாவி ஷூவுக்குள்ள இருக்குன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"