லைன் பெரியப்பாவின் ஐஸ்கிறீம்

யாழ்ப்பாணத்து மண்ணில் ஓர் அடிகூட வைக்காமல் கீரிமலையில் குளித்து, கசூரினாக் கடற்கரையில் கால் நனைத்து, கோயிலில் திருநீறு வாங்கி, ஞாயிறு தவறாமல் ஐஸ்கிறீம் கடையில் ஒரு கப் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் அண்ணை. இருப்பது கனடாவில். என் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் லைன் பெரியப்பா. நாங்கள் எங்கே போனாலும் போனில், வீடியோ கோலில், அவர் 'லைனில்' நிற்பார். அவர் லைனில் நிற்பதற்காக நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். எனக்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

எங்கள் வீடு இணுவிலில். கிழமையில் ஐந்து நாள் கந்தோர் வேலை, சனிக்கிழமை பிள்ளைகளின் ரியூசனுக்கு ஏற்றி இறக்குதல், மிஞ்சுவது ஞாயிறு. அந்த ஞாயிறு பின்னேரம் ஒரு தடவையாவது சாறத்தோடு சும்மா படுத்துக்கிடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டில் விட்டால் போன் பார்க்கிறார்களாம். வெளியே கூட்டிக்கொண்டு போனால் வெளியே இருந்து போன் பார்க்கிறார்கள். பத்து வயது ஆரணியிடம் கடற்கரைக்குப் போவோமா என்று கேட்டால், "அங்கை சிக்னல் இருக்கே அப்பா?" என்பாள். ஐந்து வயதுக் கபிலன், "ஐஸ்கிறீம் இருக்கே?" என்பான். என் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். துவாய், மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்ரர், பிஸ்கற் எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்து என் தோளில் கொளுவிவிடுவாள். ஒரு தோள் பைக்கு, மற்றக் கை அண்ணைக்கு.

அண்ணைக்கு அங்கே பாண் பேக்கரியில் வேலை. அவர் வேலை முடிந்து வெளியே வருகிற விடியற்காலை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தனிக்கட்டை. வீட்டுக்குப் போனாலும் கதைக்க ஆளில்லை. அதனால் பேக்கரி வாசலிலேயே காருக்குள் இருந்து, கம்பளித் தொப்பியோடு, போனை ஸ்ரியறிங்கில் சாய்த்துவைத்து எங்களோடு புறப்பட்டுவிடுவார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஊரை விட்டுப் போனவர். முதலில் காகிதம் சரிவரவில்லை, பிறகு லீவு சரிவரவில்லை, பிறகு வராமல் இருப்பது பழகிப்போயிற்று.

அவர் வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை, பயணம் போகிற ஆள். ஓட்டோவில் நடு இடம் அவருக்குத்தான். "தம்பி, கொஞ்சம் உயத்திப் பிடி, எனக்கு டிரைவற்றை முதுகுதான் தெரியுது" என்பார். நான் உயர்த்துவேன். "அந்தச் சந்தியிலை ஒரு பெட்டிக்கடை நிக்குமே, காட்டு பாப்பம்."

"அது இப்ப இல்லை அண்ணை."

"இல்லையோ? ஆரைக் கேட்டு எடுத்தவங்கள்?"

அந்தக் கடையை எடுத்தது நான்தான் என்பதுபோல இரண்டு சந்தி தாண்டும்வரைக்கும் கதைக்கமாட்டார். எனக்கும் அது ஓய்வு. ஆனால் கையை இறக்க முடியாது.

கோயிலுக்குப் போனால் வேலை இரட்டிப்பு. வாசலில் நான் சேட்டைக் கழற்ற, அவரும் காருக்குள் கழற்றுவார். அங்கே கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை அவருடன் வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர், மேலில் துணியில்லாமல் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தவரைக் கண்டு, ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று பயந்து கார்க் கண்ணாடியில் தட்டினாராம். அண்ணை ஒரு விரலைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தேவாரத்தை முடித்தார். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் ஐயருக்கும் பழகிவிட்டது. எங்களுக்குத் திருநீறு தந்து முடித்ததும் போனின் நெற்றியிலும் ஒரு பூச்சுப் பூசுவார். அங்கே அண்ணை குனிந்து வாங்குவார். பிறகு இரண்டு நாளைக்கு என் போனில் யார் முகத்தைப் பார்த்தாலும் புகை மூட்டமாகத்தான் தெரியும்.

கடைசியில் ஐஸ்கிறீம் கடை. நாங்கள் நாலு பேர், மேசைக்கு வருவது ஐந்து கப். ஐந்தாவது அண்ணைக்கு. அதில் மேலே முந்திரிப்பருப்புப் போட்டிருக்க வேண்டும், செரிப்பழம் ஒன்றும் இருக்க வேண்டும், இரண்டும் இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். பார்த்து முடித்ததும், "சரி, கரையமுதல் ஆரும் சாப்பிடுங்கோ" என்பார். அந்த 'ஆரும்' எப்போதும் கபிலன்தான். உலகத்தில் உள்ள பெரியப்பாக்களில் தன்னுடைய பெரியப்பாதான் சிறந்தவர் என்று அவன் நம்பியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இப்படியே போயிருக்கும். கீரிமலையில் நடந்ததுதான் என் மனதை முறித்தது.

அன்று கேணியில் நானும் கபிலனும் நின்றோம். மனைவியும் ஆரணியும் பெண்களின் பக்கம். ஒரு கையில் மகன், மறுகையில் அண்ணை.

"தம்பி, என்னையும் ஒருக்கா முக்கு."

"அண்ணை, இது போன்."

"பொலித்தீன் பையிலை போட்டு முக்கடா. எத்தினை வருசம் உந்தத் தண்ணி மேலிலை பட்டு!"

பிஸ்கற் கொண்டுவந்த பையில் போட்டு, வாயை இறுக்கி முடிந்து, மூன்று தரம் முக்கினேன். தண்ணீருக்குள் போனதும் அவர் முகம் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றுவிடும். மேலே வந்ததும், "ஆ, என்ன குளிர்மையடா!" என்று காருக்குள் தலையைத் துவட்டுவார். கேணியில் நின்றவர்கள் குளிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் மகனைப் படியில் இருத்திவிட்டு முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன். ஈர முடிச்சு லேசில் அவிழாது. அப்போது பைக்குள் இருந்து சத்தம்.

"தம்பி! உவன் படியை விட்டிட்டானடா! நீந்துறான்! டேய், நீந்துறானடா!"

நான் நிமிர்ந்தபோது கபிலன் மூலையைக் கடந்து அடுத்த பக்கப் படியில் ஏறி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, பாத்தனீங்களே?"

"ஓம் ராசா, பாத்தனான்" என்றேன். பொய். மூன்று மாதமாக அவன் வயிற்றில் கையைக் கொடுத்து நீந்தப் பழக்கியவன் நான். அவன் முதன்முதலாக நீந்தியதைப் பார்த்தது கனடாவில் இருந்த அண்ணை. அன்று வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது, கோபிக்கவும் தெம்பு வேண்டும். ஒரே ஒரு ஞாயிறு, இரண்டு கையும் சும்மா இருக்க, என் பிள்ளைகளை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அடுத்த கிழமை டேற்றா முடிந்துவிட்டது என்றேன். ஓட்டோ வாசல் படலையைத் தாண்டுமுன் கனடாவிலிருந்து ரீலோட் வந்துவிட்டது. அதற்கடுத்த கிழமை சார்ஜ் நிற்குதில்லை என்றேன். ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் செங்கல் அளவில் ஒரு பவர் பாங்க் வந்து சேர்ந்தது. கை நோகுதென்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். "அதுக்கென்ன, ஒரு செல்பித் தடி அனுப்பிறன்" என்றார். அனுப்பினார். அதன்பிறகு தோளில் பை, பொக்கற்றில் செங்கல், கையில் தடி, தடியின் நுனியில் அண்ணை என்று நான் போவதைக் கண்டவர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

இந்த நிலையில்தான் அண்ணை மூன்று கிழமை லீவில் நேரே வந்து இறங்கினார்.

எனக்கு வந்த சந்தோசத்தில் பாதி அண்ணையைக் கண்டதற்கு, பாதி கைக்கு விடுதலை கிடைத்ததற்கு. முதல் ஞாயிறு வான் பிடித்துப் போனோம். தடியை வீட்டில் வைத்துப் பூட்டினேன். ஆனால் வானில் ஏறிய அண்ணை வேறு ஆளாக இருந்தார். போனில் ஒரு முகம்தான் தெரியும். இங்கே முழு ஆளும், ஒரு பக்கம் சரிந்து நடக்கிற காலும், பேக்கரிச் சூட்டில் கருத்த கையும் தெரிந்தன. பெட்டிக்கடைச் சந்தியில் வானை மெதுவாக விடச் சொன்னேன். அவர் ஒருதரம் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். எங்கே போவோம் என்று கேட்டால், "உங்கடை விருப்பம்" என்றார். கோயிலில் ஐயர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "போனிலை பாக்கக்கை இளந்தாரியா இருந்தனீங்கள்" என்றார். கீரிமலையில் ஒரு காலை வைத்துவிட்டு, "குளிருதடா" என்று எடுத்துவிட்டார். கபிலன் நீந்தினான். நான் வெறுங்கையோடு படியில் இருந்து இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எனக்குப் போதும் என்று இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு பூங்காவில் பிள்ளைகள் காற்றடித்த றப்பர் மாளிகையில் ஏறிக் குதித்தார்கள். கனடாவுக்குப் போய்ப் போட்டுப் பார்க்கலாம் என்று அண்ணை தன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். பத்து நிமிடத்தில் கையை மாற்றினார். பிறகு மற்றக் கையையும் மாற்றினார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, தோள்மூட்டைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார்.

ஐஸ்கிறீம் கடையில் வழக்கம்போல ஐந்து கப் வந்தது. முந்திரிப்பருப்பு, செரி, எல்லாம் சரி. அண்ணை கரண்டியை எடுத்தார். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்த சாமான் அல்லவா, ஆசையோடு சாப்பிட்டார். செரி வாய்க்குள் போனதுதான் தாமதம், கபிலன் வீரிட்டுக் கத்தினான்.

"அது பெரியப்பான்ரை ஐஸ்கிறீம்! பெரியப்பா சாப்பிடமாட்டார்!"

"நான்தானேடா பெரியப்பா" என்றார் அண்ணை, கரண்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு.

"இல்லை. நீங்கள் வந்த பெரியப்பா. எனக்கு லைன் பெரியப்பாதான் வேணும்!"

மனைவி அவன் வாயைப் பொத்தினாள். "பாவம் பிள்ளை, குறை நினைக்காதேங்கோ அத்தான்" என்றாள் அண்ணையிடம். ஆரணி தலைகுனிந்து சிரித்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரை விசிறியைப் பார்த்தேன். அண்ணை கப்பை மெல்ல ஓரமாக அரக்கி வைத்தார். எழுந்தார். ஒரு பக்கம் சரிந்த நடையோடு வெளியே வானுக்குப் போனார்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. வீடியோ கோல். வானின் முன் சீற்றில், அந்த வெயிலுக்குள், கம்பளித் தொப்பியோடு அண்ணை. தொப்பியை எதற்குக் கொண்டுவந்தாரோ தெரியாது.

கபிலன் போனைப் பறித்தான். அழுகை அப்படியே நின்றது.

"பெரியப்பா! இஞ்சை ஒரு ஆள் வந்து உங்கடை ஐஸ்கிறீமைச் சாப்பிட்டிட்டார்!"

"ஆரடா அவன்?"

"தெரியேல்லை. உங்களை மாதிரித்தான் இருக்கிறார்."

"சரி, நான் அவனை விசாரிக்கிறன். மிச்சம் இருக்கே?"

"பாதி இருக்கு."

"கரையமுதல் சாப்பிடு."

மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை, எனக்கும் அதே நிலைதான்.

அதன்பிறகு இரண்டு பேரும் மெல்ல மெல்லச் சமாதானமானார்கள். மூன்றாவது கிழமையில் கபிலன் அவர் மடியில் இருந்துதான் சாப்பிட்டான். தொப்பி போட்டாலும் போடாவிட்டாலும் ஆள் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டான். லீவு முடிந்து அண்ணை கனடாவுக்குத் திரும்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குப் போன் அடிக்கவில்லை. வேலை கூட இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வலு சுகமாக இருந்தது. கையை வீசிக்கொண்டு நடந்தேன். கடலைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்தேன். ஆரணி என் தோள்வரை வளர்ந்துவிட்டாள் என்பதையே அன்றுதான் கவனித்தேன். ஆனால் அந்தச் சந்தியில் ஓட்டோ திரும்பும்போது, பெட்டிக்கடையை ஆரைக் கேட்டு எடுத்தவங்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஐஸ்கிறீம் கடையில் கபிலன் ஐந்து கப் சொன்னான். முந்திரிப்பருப்பும் செரியும் அவனே கேட்டு வாங்கினான். தன்னுடையதை வழித்து முடித்தான். ஐந்தாவதைத் தொடவில்லை. அது ஓரத்தில் இளகத் தொடங்கியது.

"ஏன் ராசா, எடுத்துச் சாப்பிடன்" என்றேன்.

"வேண்டாம் அப்பா. அவர் உண்மையிலை சாப்பிடுறவரெல்லோ."

நான் போனை எடுத்து அடித்தேன். இத்தனை வருடத்தில் நானாக எடுத்தது அதுதான் முதல்தடவை. முதல் மணி அடித்ததுமே அண்ணை லைனுக்கு வந்தார். அதே கார், அதே தொப்பி. போன் ஏற்கெனவே ஸ்ரியறிங்கில்தான் சாய்ந்திருந்தது.

"ஏன்ரா தம்பி, ஏதும் பிரச்சினையே?"

"நீங்கள் ஏன் அண்ணை ரெண்டு கிழமையா எடுக்கேல்லை?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார். "அண்டைக்கு அந்தப் படம் எடுக்கக்கைதானடா தெரிஞ்சது. பத்து நிமிசத்திலை என்ரை தோள் கழண்டு போச்சு. நீ இத்தினை வருசம் என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டெல்லே திரிஞ்சிருக்கிறாய். உனக்குக் கை நோகும் எண்டுதான்."

"எனக்கொரு கையும் நோகேல்லை" என்றேன்.

தோள்மூட்டு அப்போதே வலிக்கத் தொடங்கிவிட்டது. கபிலன் கப்பைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்தான். அண்ணைக்குச் செரி நன்றாகத் தெரியட்டும் என்று நான் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.