கிருமி அண்ணையின் எட்டாவது வாளி

ஒஸ்லோவில் கிருமி அண்ணையைவிடச் சுத்தமான மனிதரை நான் கண்டதில்லை. அவர் காய்ச்சியதைவிட மோசமான பியரையும் நான் குடித்ததில்லை. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்கு வாய்த்தன என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் விட்டுப்போகிறது.

ஹவுகன்ஸ்டுவா என்ற புறநகரின் அடுக்குமாடியில் எங்களுக்கு மேல்வீட்டில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறைகளைக் கழுவுவது வேலை. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவர் வீட்டுக்குள் நுழையும்போதும் கை கழுவவேண்டும், வெளியே வரும்போதும் கழுவவேண்டும். வெளியே வரும்போது எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கூட வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவரிடம் பியர் காய்ச்சப் பழகினார். வாளி, மூடி, குழாய், போத்தல் எல்லாம் முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார், பிறகு கிருமிநாசினியில் ஊறப்போடுவார். கழுவுவது வேறு, கிருமி சாவது வேறு என்று எனக்குப் பாடமும் நடக்கும். குழாயில் கீறல் விழுந்தால் கிருமி குடிவந்துவிடும் என்று மாதம் ஒரு புதுக் குழாய். இவ்வளவும் செய்து இரண்டு கிழமை கழித்துத் திறந்தால் பியரின்மேல் வெள்ளை ஆடை படர்ந்திருக்கும். வாயில் வைத்தால் பல் கூசும்.

ஆறு வாளி இப்படிப் போயிற்று. அது அவருக்கு மானப் பிரச்சினை. ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரியாவிடைக்குத் தன் கைப் பியர் தருவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

"முப்பது வருசமா ஒரு நோயாளிக்கும் என்னாலை கிருமி தொத்தேல்லை. ஒரு வாளியைக் காப்பாத்தேலாமக் கிடக்கு" என்றார்.

ஏழாவது வாளியைப் பார்க்க மேலே போனேன். அது புளிக்கும் இடத்தை அன்றுதான் கண்டேன். குளியலறை! அடியில் சூடு வரும் தரை. மாரிக் குளிரில் எங்கள் சனம் தோசை மா புளிக்க வைப்பதும் அதே தரையில்தான். வாளிக்குப் பக்கத்தில் அண்ணையின் மாச் சட்டி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அண்ணை கையை விட்டு மாவை ஒருதரம் அளைந்தார். துவாயில் துடைத்தார். அதே கையால் பியர் வாளியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, மா புளிக்கிறதும் கிருமியாலைதானே?"

சட்டியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அப்படியே கழிப்பறைக் கோப்பையின் மூடிமேல் குந்திவிட்டார்.

"அது சாப்பாடெல்லோ" என்றார் கடைசியில்.

ஏழாவதும் கெட்டுத்தான் இருந்தது. பிரியாவிடைக்கு முன் இன்னொரு வாளிக்குத்தான் காலம் இருந்தது. அதுவரை மாவை நிறுத்துங்கள் என்றேன். கூடவே என் வீட்டு நிலைமையையும் சொன்னேன். என் மனைவி அப்போது நாலு மாதம். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணை தரும் மாவில் சுட்ட தோசையைத் தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. நான் கரைக்கும் மாவோ மூன்று நாளானாலும் அசையாது. வாளியை மாற்றி வைக்க அவர் வீட்டில் வேறு சூட்டுத் தரை இல்லை; எங்கள் குளியலறையில் வைக்கலாமென்றால் அவளுக்குப் பியர் வாடையே ஆகாது. அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓம் என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் கதவுப் பிடியில் வழக்கம்போல் மாப் பை தொங்கியது. குசினியில் அடுப்புப் பக்கமாக வைத்துப் புளிக்கவைத்திருப்பார் என்று எனக்கு வசதியானதை நம்பிக்கொண்டேன்.

பிரியாவிடைக்கு முதல்நாள் எட்டாவது வாளியைத் திறந்தோம். வெள்ளை ஆடை. அண்ணை ஒரு கிளாஸில் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தார். மிச்சத்தைக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றினார். பிறகு குந்தியிருந்து வாளியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். இனி எதற்காகத் தேய்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அழுகை வந்தது.

"ஏன் அண்ணை மாவை நிப்பாட்டேல்லை?"

"குசினியிலை வைச்சுப் பாத்தனான், பொங்கேல்லை." அவர் திரும்பவில்லை. "பிள்ளைத்தாச்சி பட்டினி கிடக்கேலுமே?"

அடுத்த நாள் அவர் கடைக் கேக்குடன் பிரியாவிடைக்குப் போனார்.

ஆனால் அன்று, அவர் வாளியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கிளாஸில் மிஞ்சியிருந்ததை எடுத்தேன். குடிக்காதை, கூடாது என்றார். பல் கூசியது. ஒரு துளி விடாமல் குடித்தேன்.